இக்போ சூப்பும் கீழ்வீட்டு டோ மியாவும்

தம்பி பொண்டாட்டி சியோமா நைஜீரியாக்காரி, இக்போ இனம். யாங்கூன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. இன்னிக்குக் காலையில, "அக்கா, எங்க ஊர் சூப் சாப்பிடணும் போல இருக்கு"ன்னா.

சேப்பங்கிழங்கு இருக்கு, கீரை இருக்கு, கருவாடு இருக்கு. ஆனா அந்த சூப்புக்கு உயிரே அவங்க ஊர்ல விதையைப் புளிக்கவச்சு செய்யற ஒரு சாமான்தானாம்.

பசுந்தாங் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய் பெபோவைக் காட்டினேன். இங்க ஷான் மலைப்பக்கத்துக்காரங்க சோயாவைப் புளிக்கவச்சு, வட்டமா தட்டிக் காயவைக்கிறது. மோந்து பார்த்தா. கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் கலங்குச்சு, வேற காரணத்துக்கு.

வீட்டுக்கு வந்து அடுப்புல ஏத்தினதுமே ஜன்னலெல்லாம் சாத்திட்டேன். கீழ்வீட்டு பர்மாக்காரம்மா டோ மியாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. நான் ரசத்துக்குப் பெருங்காயம் தாளிச்சாலே, தெருவுலேருந்து சாமான் தூக்க எங்க பால்கனியிலேருந்து பையோட தொங்குற கயித்தை இழுத்து, மேல கட்டியிருக்கற மணியை அடிப்பாங்க. "கேஸ் லீக் ஆகுதா பாரும்மா."

சூப் கொதிச்சுது. மணி அடிச்சுது.

"நான் போய் மன்னிப்புக் கேக்கட்டுமா அக்கா?"ன்னா சியோமா.

"நீ பேசாம கிண்டு"ன்னு சொல்லிட்டு பால்கனிக்குப் போனேன்.

டோ மியா தெருவுல நின்னு நிமிர்ந்து பார்த்தாங்க. "கயித்தைத் தூக்கு."

தூக்கினேன். பைக்குள்ள ஒரு காலிக் கிண்ணம், மூடியோட.

"அந்தப் பொண்ணு நல்லா சமைக்குது"ன்னாங்க.

நான் பொறந்ததே இந்த வீட்டுலதான். என் ரசத்துக்கு இதுவரைக்கும் ஒரு கிண்ணமும் மேல ஏறி வந்ததில்ல.

ரசத்துல பெபோ போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.