அந்தக் குட்டிக்கு அப்பன் யார்

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த குதிரைகளின் எலும்பைத் துளைத்து, அந்தத் தூளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, மனிதன் பழக்கிய குதிரைகளின் பூர்வீகத்தைத் தேடுவது என் பிழைப்பு. பெருமையான வேலை என்கிறார்கள். எனக்கு இதில் பழைய வஞ்சம் ஒன்று இருந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட அப்பாவுக்கு ஊட்டியில் கிடைத்த வேலை, பெர்ன்ஹில்லில் ஒரு பணக்காரரின் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொள்வது. லாயத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் எங்கள் வீடு. என்னைப் பள்ளியில் சேர்த்த புதிது. சமவெளிப் பண்ணையில் உயர்சாதி ஆண்குதிரையோடு இணைசேர்த்துக் கூட்டிவந்த பெட்டை, எங்கள் லாயத்தில் குட்டி போட்டது. குட்டி குள்ளம், மங்கிய நிறம், உடம்பெல்லாம் மயிர். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமக்கும் மட்டக்குதிரை ஏதோ வேலி தாண்டி வந்திருக்கிறது என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார்.

“காவலுக்கு வெச்சா தூங்கியிருக்கே. கப்பல்ல வந்தவனுக்கு ரத்தத்தோட அருமை எங்க தெரியும்? இதுக்கு ஒரு தோட்டா தண்டம். தண்ணித் தொட்டியில அமுக்கு.”

அப்பா அமுக்கினார். உள்ளே தாய்க்குதிரை கதவை உதைத்துக்கொண்டே இருந்தது. சைப்ரஸ் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தவரை, அறையையும் காலி செய்யச் சொன்னார்கள்.

ஊட்டியிலேயே காந்தலுக்குக் குடிவந்தோம். அப்பா கேரட் மூட்டை சுமந்தார். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். எங்கள் கதையில் குழி பறித்தது அப்பாதான். அம்மா சாகும்வரை, சோறு போடும்போதெல்லாம் குத்தினாள்: “கண்ணத் தொறந்து வெச்சிருந்தா இந்தக் கதி வருமா?” முதலில் “நான் தூங்கலடி” என்றவர், போகப்போக “தூங்கித்தான் இருப்பேன்” என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த முதலாளியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

போன வருடம் அந்த முதலாளியின் பங்களாவை விடுதி கட்ட இடித்தார்கள். அனுமதி வாங்கி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காட்டிய இடத்தில் தோண்டியதும் பல்லோடு சின்னத் தாடை எலும்பு கிடைத்தது. பழங்காலக் குதிரைகளுக்குச் செய்வதை அந்தப் பல்லுக்கும் செய்தேன். தாய் வழி, தகப்பன் வழி இரண்டும் பந்தயக் குதிரை. மட்டக்குதிரையின் சுவடே இல்லை.

காந்தலுக்கு ஓடினேன்.

“அப்பா, நீங்க தூங்கல. அது சுத்தமான சாதிக்குட்டி.”

அவர் சந்தோஷப்படவில்லை. கைகளை வேட்டியில் துடைத்தார். ஈரம் எதுவும் இல்லை.

“முங்குறப்ப ஒருக்கா தலையத் தூக்கி என்னையப் பாத்துச்சு” என்றார். “மட்டக்குதிரைக் குட்டின்னா கொன்னது சரியாப் போயிருமா, புள்ள? தொரையும் இதுக்கு அப்பன் யாருன்னுதான் கேட்டாரு. இத்தன படிச்சிட்டு நீயும் அதையேதான் கேட்டுட்டு வந்திருக்க.”