என் ஜெப நேரத்துக்கு வந்தவள்

கொரோனாவில் மூடிக் கிடந்த சிங்கப்பூர்ப் பாலத்தைத் திறந்து, இந்தப் பக்கம் மலேசியாவில் எங்கள் ஜொகூர் பாரு சனமெல்லாம் மறுபடியும் சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடத் தொடங்கிய வருடம் அது. நாங்கள் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. “விடியக்காலையில எழுந்து முழங்கால் போட்டுப் பாரு, கர்த்தர் கேப்பாரு” என்று சபையில் ஒரு சகோதரி சொன்னதிலிருந்து, தினமும் ஐந்து மணிக்கு ஹாலில் முழங்காலில் நின்றுவிடுவேன். அந்த நேரத்தில் என் கணவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால்கூட எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஜெபம் பண்ணுகிறவளுக்கு இவ்வளவு கோபம் ஆகுமா என்று அவர் கிண்டல் செய்வார். அதற்கும் கோபம் வரும்.

எங்கள் எதிர்வீட்டிலும் தமிழ்க் குடும்பம்தான். கணவர் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பாலம் திறந்ததும் அவர் மனைவிக்குச் சிங்கப்பூரில் பழைய தொழிற்சாலை வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் நெரிசலுக்கு முன்னால் பாலத்தைத் தாண்ட வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்தாக வேண்டும். மகள் அப்போதுதான் ஒன்றாம் ஆண்டு சேர்ந்திருந்தாள். பள்ளி வேன் வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

ஒரு மாலை அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, காலையில மட்டும் புள்ளைய உங்க வீட்டுல விட்டுட்டுப் போவட்டுமா? வேன்ல ஏத்தி விட்டா போதும். இல்லன்னா தூரத்துல, பெக்கோக்ல என் தங்கச்சி வீட்டுலதான் கொண்டு போய் விடணும். அப்புறம் லீவுக்குத்தான் புள்ளைய பாக்க முடியும்.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? “ஐயோ, அது என் ஜெப நேரமாச்சே லா.” யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என் கணவர். “புள்ள வேணும்னு கேக்குற. புள்ள வீட்டுக்கு வந்தா நேரமில்லங்குற. அலமாக், ஆண்டவரு பாடு திண்டாட்டம்தான்” என்றார். வழக்கம்போலக் கோபம் வந்தது; ஆனால் அதைவிட வெட்கமாக இருந்தது. அப்படியே போய் எதிர்க் கதவைத் தட்டி, நாளைக்கே கொண்டு வந்து விடச் சொன்னேன்.

அந்தக் குட்டி தினமும் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டே வருவாள். நெற்றியில் அம்மா பூசிவிட்ட திருநீறு இருக்கும். சோபாவில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே நான் முழங்கால் போடுவேன். பாதி ஜெபத்தில் காலை நீட்டி என் முதுகில் ஒரு உதை விடுவாள். அப்புறம் அவளை எழுப்பி, பல் துலக்க வைத்து, மைலோ கலக்கிக் கொடுத்து, இரட்டைச் சடை பின்னி வேனில் ஏற்ற வேண்டும். ஒரு சடை மேலே, ஒன்று கீழே என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். எனக்கு அது பிடிக்கத் தொடங்கியிருந்தது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

மழை கொட்டிய ஒரு காலையில் கொஞ்சம் சத்தமாகவே ஜெபித்துவிட்டேன் போலிருக்கிறது. கண்ணைத் திறந்தால், போர்வைக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆண்ட்டி, ஏன் அழுவுறீங்க?”

“ஆண்டவர்கிட்ட ஒரு பாப்பா கேக்குறேன்மா.”

அவள் உதடு பிதுங்கியது. போர்வையை இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“பாப்பா வந்துட்டா, நான் எங்க படுத்துக்கறது?”

அப்படியே வாரி மடியில் வைத்துக்கொண்டேன். “யாரு வந்தாலும் இது உன் எடம்தான்மா” என்று சொல்லிப் போர்வையை அவளைச் சுற்றிப் போர்த்திவிட்டேன். வராத பிள்ளைக்காக நான் அழுதுகொண்டிருக்க, வந்த பிள்ளை தன் இடம் போய்விடுமோ என்று பயந்துபோய்விட்டது. அன்றைக்கு மீதி ஜெபத்தில் எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்த மழையில் பாலத்தில் போய்க்கொண்டிருந்த அவள் அம்மாவுக்காக மட்டும் வேண்டிக்கொண்டேன். அவளும் கையைக் கூப்பிக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு இன்னும் குழந்தை இல்லை. அந்த ஏக்கம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவள் இப்போது நான்காம் ஆண்டு படிக்கிறாள். கீழ்மாடியிலிருந்து இன்னும் இரண்டு வாண்டுகளும் காலையில் வருகிறார்கள். சோபா பற்றாமல் தரையிலும் பாய் விரித்திருக்கிறேன். கனியுள்ள வாழ்க்கையைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், கனியில்லாத மரம் நான்தான் என்று முன்பு தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது குனிவதில்லை, விடிந்தால் மூன்று பிள்ளைகளை எழுப்ப வேண்டும், அதற்காகவே ஆண்டவர் என்னையும் எழுப்புகிறார் என்று எனக்குத் தெரியும்.