சூடு தெரிகிற வரைக்கும்

ரப்பர் பந்தை வலக்கையில் வைத்து அமுக்கும்போதெல்லாம் பணியாரக்காரம்மா சின்னப்பிள்ளை ஒரு வசவு விடுகிறார். "பாவி மக, என்னைய மூலையில ஒக்கார வச்சிட்டாளே!" என்று ஒரு அமுக்கு. "அவ வீட்டு அடுப்பு எரியாமப் போக!" என்று இன்னொன்று. திருமயம் பேருந்து நிறுத்தத்தில் அவர் கடைக்குக் குழிப்பணியாரம் தின்ன வருகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் மிரளுகிறார்கள்.

வசவு முழுக்க பிளெஸ்ஸிக்கு. போன வருடம் பக்கவாதத்தில் சின்னப்பிள்ளைக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாராவாரம் வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் இந்தச் சின்னப் பெண்தான். கால் தேறிவிட்டது. கையும் மடங்குகிறது, பிடிக்கிறது. ஆனால் அதற்குச் சூடு தெரியவில்லை. ஒருநாள் பணியாரக் கல்லில் விரல் பட்டுப் பொசுங்கி, வாடை வந்த பிறகுதான் சின்னப்பிள்ளை திரும்பிப் பார்த்திருக்கிறார். சூடு தெரிகிற வரைக்கும் அடுப்புப் பக்கமே போகக் கூடாது, ஆறியதை எடுத்துக் கொடுத்தால் போதும் என்று பிளெஸ்ஸி அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டாள்.

இப்போது கல்லுக்கு முன்னால் மருமகள் செல்வராணி. நன்றாகத்தான் ஊற்றுகிறாள். அதை மாமியாரிடம் சொல்கிற துணிச்சல் வாடிக்கையாகத் தின்ன வருகிற எனக்கில்லை. ஆறிய பணியாரத்தைச் சின்னப்பிள்ளை வலக்கையால்தான் எடுத்துக் கொடுப்பார். கை நடுங்கும், நேரமாகும். இடது கையால் கொடுத்தால் என்ன என்று கேட்ட ஒருவருக்கு அன்று பணியாரமே கிடைக்கவில்லை.

"அவ சொன்னாங்கிறதுக்காகவா பந்து அமுக்குறேன்? அவளே வந்து, தெரியாமச் சொல்லிட்டேன், கல்லுல ஒக்காருங்கன்னு கெஞ்சணும். அதுக்கு அமுக்குறேன்."

புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று உறவுக்காரர் ஒருவர் பறவையோடு வந்து நின்றார். "அந்தப் புறா ஒன்னைய என்ன பண்ணுச்சு? கொண்டுபோயிப் பறக்க விடு" என்று விரட்டினார் சின்னப்பிள்ளை. 'வைத்தியம் பாக்க வர்ற அந்தச் சின்னப் பொண்ணுக்கு என்ன தெரியும்' என்று வந்தவர் முனகிக்கொண்டே போனது காதில் விழுந்துவிட்டது. "அவள வைய நான் இருக்கேன். நீ யாருடா?"

பிளெஸ்ஸி வரும்போதெல்லாம் சின்னப்பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டி, இரண்டு டம்ளர்களை மாற்றி மாற்றிக் கையில் வைத்து, எது சூடு என்று கேட்பாள். ஒருமுறை சின்னப்பிள்ளை, "மொதல்ல வச்சது சுடுதண்ணி" என்று அடித்துச் சொன்னார்.

"ரெண்டுமே பச்சத்தண்ணிதாம்மா."

"அப்ப ஒன் தண்ணியில ஏதோ கோளாறு."

போன வாரம் நான் கடையில் இருந்தபோது பேருந்து வந்து நல்ல கூட்டம். அவசரத்தில் செல்வராணி கல்லிலிருந்து எடுத்ததை அப்படியே ஆறியதை வைக்கிற தட்டில் கொட்டிவிட்டாள். சின்னப்பிள்ளை எனக்கென்று ஒன்றை எடுத்தார். வெடுக்கென்று உதறினார். பணியாரம் மண்ணில் விழுந்தது. அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதே பேருந்தில் வந்திறங்கிய பிளெஸ்ஸி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துத் தண்ணீர் வாளிக்குள் முக்கினாள். "என்னம்மா இது! எரியுதா?"

"எரியுதுடீ!"

சின்னப்பிள்ளை ஈரக்கையைப் பிடுங்கிக்கொண்டார். தட்டிலிருந்து ஆவி பறக்கும் பணியாரம் ஒன்றை அதே விரல்களால் எடுத்து, முறைத்த கண்ணை எடுக்காமல், பிளெஸ்ஸியின் உள்ளங்கையில் வைத்தார்.