பரீதாவின் இடம்

மகளின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரிகளை ஊதி அணைத்ததும் எழுந்த வாசம், திருகோணமலைத் துறைமுகத்தருகே இருந்த எங்கள் அங்கிலிக்கன் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கொண்டுபோனது. இன்று அந்த இடத்தில் லொறிகள் நிற்கின்றன.

வெள்ளிக்கிழமைகளில், தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை ரீச்சர் கொண்டுவந்து தருவா. ஐயர் வீட்டுப் பிள்ளை, மீன்காரர் பிள்ளை, நான், எல்லோரும் சேர்ந்திருக்கும் நீள மரவாங்கில் அவரவர் இருக்கும் இடத்தில் அதைத் தேய்த்துப் பழந்துணியால் மினுக்குவோம்.

கிண்ணியாவிலிருந்து படகில் வரும் பரீதா என் பக்கத்தில் இருப்பாள். சண்டை மூண்டு படகு நின்றதும் அவள் வரவில்லை.

"அவள்தான் வாறேல்லையே ரீச்சர், நான் கொஞ்சம் தள்ளி இருக்கட்டே?" என்று கேட்டேன்.

"ஏலாது. அது பரீதான்ர இடம். அவ வருமட்டும் அதையும் நீர்தான் மினுக்கோணும்."

எனக்கு ஒரே எரிச்சல். இருந்தும், வெளியே ஹெலிகொப்டர் சுற்றிய நாட்களிலும், வகுப்பில் பாதிப்பேர் வராத நாட்களிலும், என் இடத்தைத் தேய்த்த கையோடு அவள் இடத்தையும் தேய்த்தேன். முதலில் ரீச்சருக்குப் பயந்து, பிறகு, தேய்க்காமல் விட்டால் அவள் வராமலே போய்விடுவாளோ என்று பயந்து.

மாரி முடிந்த ஒரு திங்கட்கிழமை வாசலில் பரீதா நின்றாள். மெலிந்திருந்தாள். நேரே வந்து தன் இடத்தில் இருந்தாள். மாதக்கணக்கில் யாரும் இருக்காமல் மெழுகேறிக் கிடந்த பலகை அவளை அப்படியே வழுக்கவைத்து நிலத்தில் விழுத்தியது.

கிடந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு மெழுகையும் நீயோடி பூசினனீ?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கத் தொடங்கினாள்.