பின்சுவர் நத்தைகள்

போர்ட் பிளேரில் கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்துக்குத் தப்பிய செடி மழைக்கால நத்தைக்குத் தப்பாது. உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தை. இருட்டியதும் வரும், விடிவதற்குள் கீரைப் பாத்தியை மொட்டையடித்திருக்கும்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், குப்பை கொட்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, சில வீட்டார் சேர்ந்து வெண்டையும் பசலையும் போட்டிருந்தோம். கார் வைத்திருப்பவர்களுக்கு அது கண்ணை உறுத்தியது.

"இந்த மழைக்குள்ள காய்க்க வச்சுக் காட்டுங்க. இல்லேன்னா பார்க்கிங்தான்" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு ஒரு நாள் நத்தை பொறுக்குவது என்று முறை வைத்தோம். ஒருவருக்கு இடுப்புவலி வந்தது, ஒருவர் மெயின்லேண்ட் போனார், ஒருவருக்கு அருவருப்பு. கடைசியில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும்தான் மிச்சம். உப்புத் தண்ணீரில் போட்டால் செத்துவிடும். இரண்டு பேருக்கும் அதற்கு மனம் வரவில்லை. வாளியைப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கவிழ்த்துவிடுவோம். அங்கே வெறும் புதர் என்று நினைப்பு. பிறகு சமைத்து, குளித்து, ஃபீனிக்ஸ் பே ஆபீசுக்கு ஓடுவேன். உட்கார்ந்ததும் கண் சொருகும். மறுநாள் பார்த்தால் பாத்தியில் நத்தை குறைந்தபாடில்லை.

"எங்கருந்துதான் வந்து தொலையுதோ" என்பார் அக்கா.

ஒருநாள் காலை சுவரோரம் நான் வாளியைத் தூக்கும்போது, மேலிருந்து என் தோளில் பொத்பொத்தென்று நத்தைகள் விழுந்தன. கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் பாத்தி. அதே வெண்டை, அதே பசலை, அதே மொட்டை. நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு வங்காளிப் பெண் காலி வாளியோடு நின்றாள்.

"தீதி, ஆப் பி?" என்றாள், என் வாளியைப் பார்த்து.

நானும்தான் என்று தலையாட்டினேன். சிரித்திருக்க வேண்டும். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அன்றே இரண்டு பக்கமும் உப்பு வாங்கினோம். எங்களுக்குத்தான் காலம் கடந்துவிட்டது. அடுத்த வாரம் செயலாளர் வந்து பார்த்தார். காட்ட ஒரு காய்கூட இல்லை. அவர்மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை. மழை விட்டதும் சிமென்ட் போட்டார்கள். அன்று அழுவேன் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது. காலையில் குனிய வேண்டாம் என்ற நிம்மதி. அது எனக்கே வெட்கமாக இருந்தது.

சில வாரம் கழித்து அந்த வங்காளிப் பெண் சுவருக்கு மேலே ஒரு பையை நீட்டினாள். பை நிறைய வெண்டைக்காய், பிஞ்சுப் பிஞ்சாக. வாங்கி வந்து பொரியல் செய்தேன். நன்றாயிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன்.