ஹொண்டுராஸ் லீக்கின் கடைசி ஞாயிறு: ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலில்

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் விமானம் ஏறிப் போய் எழுதுகிற ஆள் இல்லை. பஸ், ரயில், மெட்ரோ, அதற்கு மேல் என் கால். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பி, திங்கள் வேலைக்கு முன் வீடு திரும்பக்கூடிய தூரம்தான் என் உலகம். ஆனாலும் சென்ற மாதம், ஏப்ரல் கடைசி ஞாயிறு, நானும் என் கணவர் யூட்டும் ஹொண்டுராஸ் போய் வந்தோம். மொன்றியல் தீவை விட்டு வெளியே கால் வைக்கவில்லை.

காரணம் மார்த்தா. டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் நானும் அவளும் ஒரே மேசையில் துணி மடிக்கிறோம். கட்டில் விரிப்பின் ஒரு முனை அவளிடம், மறுமுனை என்னிடம். எங்களுக்குப் பொதுவாக இருப்பது அரைகுறைப் பிரெஞ்சு. அவள் பிழையாகப் பேசினால் எனக்கு விளங்கும். மேற்பார்வையாளர் சரியாகப் பேசினால் இருவருக்குமே விளங்காது. அவளுடைய தம்பி வில்மர், ஹொண்டுராஸ் தேசிய லீக்கில் ஆடுகிற பத்து அணிகளில் ஆகச் சின்னதொன்றின் கோல் காப்பாளர். வாழைத்தோட்டம் சூழ்ந்த கடலோர ஊர். அந்த அணி லீக்கிலிருந்து இறக்கப்படும் ஆபத்தில் இருக்கிறது என்று மார்ச் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விளையாட்டுத்தானே, அடுத்த வருடம் வெல்லலாம் என்றேன். அவள் விரிப்பைக் கீழே வைத்துவிட்டு விளங்கப்படுத்தினாள். அணி இறங்கினால் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் வில்மர் வடக்கே கிளம்புவான். குவாத்தமாலா, மெக்சிக்கோ, சரக்கு ரயிலின் கூரை, பிறகு அமெரிக்க எல்லை. கூட்டிப்போகிறவனிடம் பேசியும் வைத்துவிட்டான். அதே வழியில் போன ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைப்பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

இரவு சாப்பாட்டு நேரம் யூட்டிடம் சொன்னேன். அவர் மன்னாரிலிருந்து இங்கே வந்துசேர ஒன்றரை வருடம் பிடித்தது. அதில் பாதி ரஷ்யக் காடுகளிலும் பூட்டிய லொறிகளிலும் போனது. அதைப்பற்றி வீட்டில் வாயே திறக்கமாட்டார். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "எங்க இருந்து மட்ச் கேக்கினமாம்? நாங்களும் போவம்," என்றார்.

போவதென்று முடிவானதும் மனுஷன் ஆயத்தங்களில் இறங்கிவிட்டார். நூலகத்துக் கணினியில் தேடி, லீக்கின் புள்ளி அட்டவணையை அச்செடுத்து வந்தார். வில்மரின் அணி ஆறாவது இடம். "பத்துப் பேரில ஆறாவது. கடைசி மட்ச்சில தோத்தாலும் ஒண்டும் நடவாது. அந்தப் பிள்ளை சும்மா பயப்படுது." மன்னாரில் பங்குத் திருநாள் கோப்பைகளுக்கு இடதுகால் முன்னணி ஆட்டக்காரராக இருந்தவர் சொல்கிறார், எனக்கென்ன தெரியும். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு கேக் வாங்கினோம். மேலே பிரெஞ்சில் 'வாழ்த்துகள்' என்று எழுதச் சொன்னவரும் அவரே.

இனி வழி. ரொக்ஸ்பரோ நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் டவுன்டவுன் மத்திய நிலையம். தூரம் இருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கடைசிப் பகுதி மலைக்கு அடியில் சுரங்கம், காது அடைக்கும். நிலையத்துக்குள்ளேயே நடந்து பொனவெஞ்சர் மெட்ரோவுக்குப் போய்விடலாம், குளிரில் வெளியே வரத் தேவையில்லை. செம்மஞ்சள் பாதையில் ஹென்றி-புராசா பக்கம் போகிற வண்டியைப் பிடியுங்கள். லாவாலுக்கு மெட்ரோப் பாதை இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதை நம்பி ஏறவேண்டாம். ஜோன்-தலோனில் இறங்கி நீலப் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் டிபெர்வில். மெட்ரோவுக்கு ஆளுக்கு இரண்டரை டொலர். நாங்கள் கேக்கைப் பிடித்துக்கொண்டு படியேற, எதிரே வந்த நிலைய ஊழியர் பெட்டிக்குள் எட்டிப்பார்த்து, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். ஒரு உதைபந்தாட்ட அணிக்கு என்றார் யூட்.

நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. பனி கரைந்து, குளிர்காலத்தில் போட்ட கல்லுத்தூள் மட்டும் நடைபாதையில் கிடந்தது. மார்த்தாவின் நாட்டவர்கள் ஆட்டம் கேட்கக் கூடுகிற அந்தச் சாப்பாட்டுக் கடை, வெளியிலிருந்து பார்த்தால் கடையென்றே தெரியாது. யன்னலில் நீலமும் வெள்ளையுமாய் ஒரு கொடி, அவ்வளவுதான். உள்ளே ஆறு மேசை, இருபது பேர், ஒரு மூலையில் கணினி, இரண்டு ஒலிபெருக்கி. பலேயாடா என்று ஒரு சாமான் தருகிறார்கள். நம்முடைய கோதம்ப ரொட்டியை மெல்லிசாகப் போட்டு, உள்ளே அவரைக்கூழும் வெண்ணெய்க்கட்டியும் வைத்து மடித்த மாதிரி. ஒன்றின் விலை இரண்டு டொலர். மூன்று சாப்பிட்டேன், வெட்கமில்லை. உறைப்பு போதாதவர்கள் மேசையில் இருக்கும் ஊறுகாய் மிளகாயைக் கேளுங்கள், அது நம்மூர் நாக்கையும் மதிக்கிறது.

கேக்கைத் திறந்தபோதுதான் எங்கள் வண்டவாளம் தெரிந்தது. கடைக்காரர் எழுத்தைப் பார்த்தார், மார்த்தாவைப் பார்த்தார், மூடியைத் திரும்பவும் போட்டுவிட்டார். யூட் தன் அட்டவணையை விரித்துக் காட்டினார். ஆறாவது இடம். மார்த்தா பொறுமையாகச் சொன்னாள். அங்கே ஒரு வருடத்தில் இரண்டு போட்டித்தொடர். ஒன்று ஓகஸ்டில் தொடங்கும், மற்றது ஜனவரியில். வெற்றிக்கிண்ணம் இரண்டுக்கும் தனித்தனி. ஆனால் யார் இறங்குவது என்பதற்கு மட்டும் இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்ப்பார்கள். யூட் அச்செடுத்தது இரண்டாவதை மட்டும். முதலாவதில் வில்மரின் அணி எல்லாரிடமும் தோற்றிருந்தது. கூட்டினால் அவர்களே கடைசி, அடுத்த அணிக்கு ஒரு புள்ளி பின்னால். இன்று அவர்கள் வெல்லவேண்டும். அதோடு, வேறொரு நகரத்தில் இதே நேரம் ஆடுகிற அந்த அடுத்த அணி வெல்லாமல் இருக்கவேண்டும்.

"எங்கட ஊரில ஒரு கோப்பை முடிஞ்சா கணக்கு முடிஞ்சுது," என்று யூட் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். காது சிவந்திருந்தது. கேக் குளிர்பெட்டிக்குப் போனது.

ஐந்து மணிக்குத் தொடங்கியது, அங்கே மூன்று மணி. கணினி வழியாக வானொலி. ஸ்பானிய மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது, ஆனால் அறிவிப்பாளரின் மூச்சு போதும். இரண்டாம் பாதியில் வில்மரின் அணி ஒரு கோல் அடித்தது. வில்மர் எதையோ தடுத்தபோதெல்லாம் மார்த்தா கண்ணை மூடினாள். ஆட்டம் முடிந்த ஊதல் கேட்டதும் நானும் யூட்டும் எழுந்து கைதட்டினோம். நாங்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் அத்தனை பேரும் அசையாமல் கடைக்காரரின் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக உட்கார்ந்தோம்.

மற்ற ஆட்டம் முடியவில்லை. அங்கே மின்சாரம் போய்த் தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று. அந்த ஊர் வானொலி கணினியில் வராது என்பதால் மார்த்தாவின் சித்தி மகள் ஒருத்தி, தன் வீட்டு வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இங்கே அதைச் சத்தமாக வைத்துக் கேட்டோம். இரண்டு நிமிடம் போயிருக்காது, மார்த்தாவின் தொலைபேசி அட்டை முடிந்து இணைப்பு அறுந்தது. வேறு யாரிடமும் அட்டை இல்லை.

யூட் சட்டைப்பையில் கைவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மன்னாருக்கு எடுப்பதற்கு வாங்கிய அட்டை, பாதி பேசியது. தமிழ்க் கடை அட்டை என்பதால் அதன் குரலும் தமிழ். மார்த்தா இலக்கங்களை அழுத்த, அந்தக் கடை முழுக்கக் கேட்க, ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்: "இந்த அழைப்புக்கு உங்களுக்கு இன்னும் ஒன்பது நிமிடங்கள் உள்ளன." இருபது முகங்கள் என் பக்கம் திரும்பின. யாரோ கோல் அடித்ததாக நினைத்திருப்பார்கள். ஒன்பது நிமிடம் என்று பிரெஞ்சில் சொன்னேன். ஆட்டத்தில் எட்டு நிமிடமும், நடுவர் மனம்வைத்துக் கூட்டுகிற நேரமும் மிச்சம்.

அந்த ஒன்பது நிமிடத்தைப் போல நீளமான எதையும் நான் கேட்டதில்லை. மார்த்தா என் கையைப் பிடித்திருந்தாள், விரிப்பு மடிக்கும்போது பிடிக்கிற அதே இறுக்கம். கூடுதல் நேரம் தொடங்கியது. வெல்லக்கூடாத அந்த அடுத்த அணிக்கு ஒரு தண்ட உதை கிடைத்தது என்று கடைக்காரர் எங்களுக்குச் சைகையால் காட்டினார். அறிவிப்பாளர் மூச்சை இழுத்தார். "உங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் உள்ளது," என்றாள் நம்முடைய பெண், அவர் குரலுக்கு மேலாக, அதே நிதானத்தில். உதை என்ன ஆனது என்று தெரியவில்லை. அவரவர் ஊகித்துக்கொண்டிருக்கையில் இணைப்பும் போனது.

"மூலைக்கடையில வாங்கியாறன்," என்று யூட் ஓடினார். அவர் வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் நானும் இங்கே பயணத் தகவலைச் சொல்லி முடித்துவிடுகிறேன், பேந்து சொல்ல மனம் வராது. ஞாயிறுகளில் ரயில் குறைவு; திரும்பும் நேரத்தைப் போகும்போதே நிலையத்தில் பார்த்து வையுங்கள். கடைக்குக் காசாகக் கொண்டுபோங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டால் பரவாயில்லை, சிரித்தால் போதும். அவர்களுடைய லீக் ஓகஸ்டில் மறுபடி தொடங்கும். போகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் வாழ்த்து எழுதிய எதையும் கொண்டுபோகவேண்டாம்.

தொலைபேசி தானாக அடித்தது. அந்தச் சித்தி மகள்தான், கட்டணத்தை எங்கள் பக்கம் ஏற்கிற அழைப்பு. மார்த்தா சம்மதம் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள், பதிலைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது. என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னாள்: "வில்மர் வரவில்லை."

தொலைபேசியில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். விசா மறுத்துவிட்டார்கள், பிடித்துவிட்டார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீடுகளில் ஒருவர் வரவில்லை என்றால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அந்த நேரம் கடை முழுவதும் கத்தத் தொடங்கியது. கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து கேக்கை வெளியே எடுத்தார். அழுதுகொண்டே சிரிக்கிற மார்த்தாவின் முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது: உதை தவறிவிட்டது, அணி தப்பிவிட்டது, வில்மர் வடக்கே கிளம்பப்போவதில்லை.

யூட் மூச்சிரைக்க வந்தார், கையில் புது அட்டை. "என்னவாம்?"

"அவர் வரேல்லையாம்," என்றேன்.

அவருடைய முகமும் என்னுடையதைப் போலவே ஒரு கணம் விழுந்தது. பிறகு கேக்கைப் பார்த்தார், மார்த்தாவைப் பார்த்தார். கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புது அட்டையை அவள் கையில் வைத்தார். அந்த ஒன்றரை வருடத்தைப்பற்றி எனக்கே சொல்லாத மனுஷன், அவளுக்கு விளங்காது என்று தெரிந்தே தமிழில் சொன்னார்:

"தம்பிக்கு எடுத்துச் சொல்லும் பிள்ளை. அந்த வழியால வந்தவன் ஒருத்தன் சொன்னவன் எண்டு சொல்லும். வீட்டிலயே நிக்கச் சொல்லும்."