தட்டினால்தான் எழுத்து

இந்த நாட்டில் பிள்ளைகள் தட்டினால்தான் வாய் திறப்பார்கள். பிள்ளைகளைத் தட்டுவதல்ல, மேசையைத் தட்டுவது. சிதம்பரத்தில் ஒரு நர்சரி பள்ளியின் மூன்றாம் வகுப்பில், இரண்டாயிரத்து ஏழில், முதல் நாளே இது தெரிந்துபோயிற்று. 'வெட்னஸ்டே' என்று சொல்லி எழுத்துக்கூட்டச் சொன்னேன். முப்பது பேரும் என் கையையே பார்த்தார்கள்.

"தட்டுங்க சார்" என்றாள் முதல் பெஞ்சு ரோஸ்லின்.

மர டஸ்டரால் ஒரு தட்டு, ஒரு எழுத்து. முன்பிருந்த டீச்சர் பழக்கிய முறை.

"ஓம், தட்டுறன்."

"இன்னா சார், ஓம்னு சாமி கும்புடுறீங்க?" வகுப்பே சிரித்தது.

இலங்கையில், எங்கள் மன்னாரில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்போம். அங்கே பள்ளியில் ஒவ்வொருவராக எழும்பி நின்று எழுத்துக்கூட்டுவோம். பிழை விட்டால் மணி அடிக்கும்வரை நிற்பதுதான். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர ஒரு வாரம் முயன்றேன். நடக்கவில்லை. டஸ்டரை எடுத்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆங்கிலம் ஒரு பாதிரியாரின் கடிதங்களைத் தட்டச்சு செய்து பிடித்தது. பிறகு படகு, முகாம், பண்ருட்டியில் பலாப்பழ லாரி, கடலூர் முதுநகரில் ஒரு தகர அறை. எங்கேயும் ஒரு வருடம் தங்கியதில்லை. மாதம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். என்ன வேலை என்று ஏட்டு கேட்பார். வாத்தியார் என்றால், "பேப்பர் இருக்கா?" என்பார். அந்த ஒரு தாளுக்காகவே பள்ளியில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் சார், லெட்டர் தரேன்" என்று பள்ளியின் தாளாளர் அம்மா சொல்லியிருந்தார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி வரும் நாளில் பட்டம் இல்லாத வாத்தியார்கள் காணாமல் போய்விட வேண்டும். இரண்டு வாரம் நான் ஒருமை பன்மையும் எழுத்துக்கூட்டலும் திருப்பித் திருப்பி நடத்திய வகுப்பில், அன்று பி.எட். படித்த தாளாளர் அம்மாவின் மருமகள் உட்கார்ந்தார். எனக்கு ஒரு காக்கிச் சட்டையும் சாவிக்கொத்தும் கிடைத்தன. தமிழன் ஊர் என்று நம்பிக் கடல் தாண்டி வந்தோமே, இங்கே ஒருவனை மறைக்கக் காக்கிச் சட்டை ஒன்று போதும்.

கடலூரிலிருந்து வந்த அதிகாரி அதே 'வெட்னஸ்டே'யைத்தான் கேட்டார். பிள்ளைகள் மருமகளின் கையைப் பார்த்தார்கள். அவருக்கு டஸ்டர் விவகாரம் தெரியாது. சொல்லிவைக்க எனக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் வாயைத் திறக்கத் தயாராக, மூடியபடியே இருந்தார்கள். பிறகு முப்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. வெளியே நான்.

தட்டினால் மாட்டிக்கொள்வேன். தட்டாவிட்டால் பள்ளியின் அங்கீகாரம் போகும், என் தாளும் போகும். சாவிக்கொத்தால் ஜன்னல் கம்பியில் தட்டினேன்.

"டபிள்யூ!"

கடைசி எழுத்துவரை தட்டினேன். ஒரு பிழை இல்லை. அதிகாரி திரும்பினார்.

"யாரும்மா அது?"

"வாட்ச்மேன் சார். சிலோன்காரன், அப்படித்தான் எதையாவது தட்டினு இருப்பான்" என்றார் தாளாளர்.

அதிகாரி சிரித்துக்கொண்டே பதிவேட்டில் எழுதினார். பள்ளி தப்பியது.

மறுநாள் லெட்டர் வந்தது. முத்திரை, கையெழுத்து, என் பெயர் எல்லாம் இருந்தன. வாட்ச்மேனாக வேலை செய்தவன், நன்னடத்தை உள்ளவன் என்று இருந்தது.

"நான் வாத்தியாரெல்லோ, அம்மா?"

"ஆபீசர் ரெஜிஸ்டர்லயே வாட்ச்மேன்னு ஏறிப்போச்சு. நான் பொய் எழுத முடியுமா சார்?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். "கேட்லயே இருங்க. கிளாஸுக்கு மட்டும் வராதீங்க."

அந்த மாதம் ஏட்டு தாளைப் படித்தார். "போன மாசம் வாத்தியார்னு சொன்ன?" என்று கேட்டுவிட்டு, பழைய சொல்லை அடித்து வாட்ச்மேன் என்று எழுதினார். இந்த நாடு என்னைப் பற்றி நம்பி எழுதிய முதல் சொல் அதுதான்.

இரண்டு வாரம் கேட்டில் நின்றேன். பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் தெருவைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் அங்கே இருக்க மனமில்லை. கடைசி நாள், காக்கிச் சட்டையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்து, சாவிக்கொத்தால் இரும்புக் கேட்டில் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன்.

"டபிள்யூ!" உள்ளே முப்பது பேர்.

சாவிக்கொத்தைக் கேட்டிலேயே தொங்கவிட்டு நடந்தேன். உள்ளே அடுத்த தட்டுக்காக வகுப்பு காத்திருந்தது.